மன்னித்துவிட்டேன். அதற்காக மகன் சாட்சி சொல்லாமல் இருக்க வேண்டுமா?

குடியாத்தம் அம்மா:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். போன வருஷம் தெருவில் தண்ணீர்க் குழாய்த் தகராறு முற்றி, பக்கத்துத் தெருப் பையன் என் மகனைக் கத்தியால் வெட்டிவிட்டான். கழுத்துக்கு வந்த வெட்டு. கையைக் குறுக்கே கொடுத்ததால் உயிர் பிழைத்தான். இடது கையில் நரம்பு அறுந்து ஆபரேஷன் ஆனது. இவன் தறிக்காரன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இன்னும் ஒன்று சேர மாட்டேன் என்கின்றன. பாவில் ஓர் இழை அறுந்தால் முன்பெல்லாம் பேசிக்கொண்டே முடிச்சுப் போட்டுவிட்டு நாடாவை ஓட்டுவான். இப்போது மருமகள் வந்துதான் முடிச்சுப் போட வேண்டும்.

வெட்டியவனும் எங்கள் சபைதான். ஞாயிறு பள்ளியில் என்னிடம் வசனம் படித்த பிள்ளை. அவன் அம்மாவும் நானும் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவோம்.

ஜாமீனில் வந்துவிட்டான். சாயங்காலமானால் எங்கள் தெருமுனையில் வண்டியை நிறுத்திக்கொண்டு நிற்கிறான். ஒரு வார்த்தை பேசுவதில்லை. பின்னால் பைக் சத்தம் கேட்டாலே என் மகன் சுவரோரம் ஒதுங்குகிறான்.

வழக்கு வேலூர் செஷன்ஸ் கோர்ட்டுக்கு வந்திருக்கிறது. சபைக் கமிட்டிப் பெரியவர்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல என்று வாராவாரம் ஜெபிக்கிறோம். இருட்டில் யார் வெட்டினது தெரியவில்லை என்று தம்பி சொல்லிவிட்டால் இரண்டு குடும்பத்துக்கும் நிம்மதி. அதுவரைக்கும் நீங்கள் திருவிருந்து எடுப்பது சரியா, யோசித்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். ஆலயத்தில் அப்பமும் ரசமும் வாங்குவதையே நிறுத்தச் சொல்கிறார்கள்.

நான் அந்தப் பிள்ளையை மன்னித்துவிட்டேன். பேச்சுக்குச் சொல்லவில்லை. அவன் உள்ளே இருந்தபோது அவன் அம்மாவுக்கு அரிசி கொடுத்தனுப்பினேன், இன்றைக்கும் அவன் பேரைச் சொல்லித்தான் ஜெபிக்கிறேன். ஆனால் பயம் போகவில்லை. பயம் இருந்தால் மன்னிப்பு பொய்யா? என் மகன் சாட்சி சொன்னால் அது பழிவாங்குவதா? வசனத்தோடு யாராவது சொல்லுங்கள்.

ஆற்காட்டு விசுவாசி:

சகோதரி, 1 கொரிந்தியர் 6 வாசியுங்கள். சகோதரனோடு சகோதரன் அவிசுவாசிகள் முன்பாக வழக்காடுவதைப் பவுல் கண்டிக்கிறார். அநியாயத்தைச் சகித்துக்கொள்ளலாமே என்றுதான் கேட்கிறார். சபைக்குள்ளேயே முடித்துக்கொள்வது நல்லது.

காட்பாடி டீச்சர்:

ஐயா, மன்னிக்க வேண்டும். அந்த அதிகாரத்தில் பவுல் பேசுவது இந்த ஜீவனுக்கடுத்த வழக்குகளை, அதாவது கொடுக்கல் வாங்கல், சொத்து மாதிரியான காரியங்களை. கத்தி எடுத்தவனைத் தடுக்க அதிகாரிக்குப் பட்டயம், அதாவது வாள், கொடுத்திருக்கிறது என்று எழுதியவரும் அதே பவுல்தான், ரோமர் 13. அப்போஸ்தலர் 23ஐயும் பாருங்கள். நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் பவுலைக் கொல்லாமல் சாப்பிடுவதில்லை என்று சபதம் போடுகிறார்கள். பவுலின் சகோதரி மகன் வந்து சொல்கிறான். பவுல் "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சும்மா இருக்கவில்லை, அந்தப் பையனைச் சேனாபதியிடம் அனுப்புகிறார். அன்று இரவே 200 போர்ச்சேவகர், 70 குதிரைவீரர், 200 ஈட்டிக்காரர் காவலோடு ஊரை விட்டுப் போகிறார். அவருக்கு விசுவாசம் குறைவு என்று யாராவது சொல்வோமா?

அம்மா, உங்கள் கேள்விக்கு எனக்குத் தோன்றுவது தாவீதுதான். 1 சாமுவேல் 26. தாவீதைக் கொல்லத் தேடி வந்த ராஜா சவுல் தூங்குகிறான், தலைமாட்டில் ஈட்டி குத்தி நிற்கிறது. "ஒரே குத்து" என்கிறான் தாவீதோடு வந்த அபிசாய். தாவீது விடவில்லை. ஈட்டியையும் தண்ணீர்ச் செம்பையும் மட்டும் எடுத்துக்கொண்டு போகிறான். பிரசங்கம் இத்தோடு முடிந்துவிடும். ஆனால் 13ஆம் வசனம்: எதிர்ப்பக்க மலையில் ஏறி, நடுவே நிறைய இடம் விட்டு நின்றுகொண்டுதான் அவனைக் கூப்பிடுகிறான். சவுல் "பாவஞ்செய்தேன், திரும்பி வா" என்று கெஞ்சுகிறான். தாவீது ஈட்டியைத் திருப்பிக் கொடுக்கிறான், அதையும் வாலிபரில் ஒருவன் வந்து வாங்கிப் போகட்டும் என்கிறான். தான் கிட்டப் போகவில்லை. மனதில் வன்மம் இல்லை, ஆனாலும் தள்ளித்தான் நிற்கிறான். அடுத்த அதிகாரத்தில் நாட்டை விட்டே போய்விடுகிறான். உங்கள் பயம் பாவமென்றால் தாவீதின் பயமும் பாவம்.

நம் காலத்திலும் பார்த்திருக்கிறோம். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில், வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸையும் பிள்ளைகள் பிலிப்பையும் தீமோத்தேயுவையும் எரித்தார்கள். ஒருவனுக்கு வயது 10, இன்னொருவனுக்கு 6. அவர் மனைவி கிளாடிஸ் அம்மா மன்னித்தேன் என்று நாடறியச் சொன்னார். பாரிபடாவில் தங்கித் தொழுநோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார். கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியைத் தெரிந்த நமக்கு அது எப்பேர்ப்பட்ட வேலை என்று தெரியும். வழக்கு அதன் போக்கில் நடந்தது. 2003ல் தீர்ப்பு வந்தது, முக்கியக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2011ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதனால் அவர் மன்னிப்பில் குறை வந்துவிட்டதா?

இன்னொன்று. அந்தப் பெரியவர்கள் கேட்டது மன்னிப்பு இல்லை, பொய்ச்சாட்சி. ஞாயிறு பள்ளியில் நீங்கள் சொல்லிக்கொடுத்த ஒன்பதாம் கட்டளை அது. அதை மீறினால்தான் திருவிருந்து என்று சொல்ல எவருக்கும் அதிகாரம் இல்லை. நேரே ஆயரிடம் போய்ப் பேசுங்கள்.

சத்துவாச்சாரி குமாஸ்தா:

வக்கீல் ஆபீஸில் வேலை செய்கிறேன். கொலை முயற்சி வழக்கென்றால் அது அரசாங்கத்தின் வழக்கு. நீங்களாக வாபஸ் வாங்கும் ரகம் இல்லை. கோர்ட்டில் பொய் சொன்னால் ஏழு வருஷம் வரை தண்டனைக்கு வழி இருக்கிறது, மாட்டுவது உங்கள் மகன்தான்.

அவன் தெருமுனையில் நிற்கிற தேதி, நேரம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், முடிந்தால் மாடியிலிருந்து போட்டோ. சாட்சியை மிரட்டினால் ஜாமீனை ரத்து செய்யக் கேட்கலாம். 2018ல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. மனு கொடுத்தால் போலீஸ் அறிக்கை வாங்கி, ஆபத்துக்கு ஏற்ப வீட்டுப் பக்கம் ரோந்து போடுவார்கள், விசாரணையில் இருவரும் நேருக்கு நேர் வராமல் ஏற்பாடு செய்வார்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. இங்கே வேலூர் கோர்ட் வளாகத்துக்கு வாருங்கள், அல்லது 15100க்குப் போன் போடுங்கள்.

குடியாத்தம் அம்மா:

டீச்சர் அம்மா, அந்த 13ஆம் வசனத்தை மகனுக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னான். நடந்ததை நடந்தபடி சொல்லப்போகிறோம். திங்கட்கிழமை இரண்டு பேரும் வேலூர் வருகிறோம். ஆயரிடமும் பேசிவிட்டேன், திருவிருந்துக்கு வரச் சொன்னார்.

குமாஸ்தா தம்பி, ஒன்று கேட்கிறேன். இந்தப் பிள்ளை மேல் எங்களுக்கு வன்மம் இல்லை என்று ஜட்ஜ் ஐயாவிடம் சொல்ல முடியுமா?

சத்துவாச்சாரி குமாஸ்தா:

சொல்லலாம் அம்மா. முதலில் மகன் சாட்சி சொல்லி முடிக்கட்டும். குற்றம் நிரூபணமானால் தண்டனை பற்றிக் கேட்கும் கட்டம் வரும், அப்போது அரசு வக்கீல் மூலம் எழுதிக் கொடுங்கள். எடுத்துக்கொள்வது ஜட்ஜின் விருப்பம். திங்கட்கிழமை வரும்போது ஆபரேஷன் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் கொண்டு வாருங்கள். விரல் வேலை செய்யாததற்கு இழப்பீடு கேட்டும் மனு போடலாம்.