குளிர்கால ஒலிம்பிக்கில் தொண்டூழியம்: தோட்டப்புறத்திலிருந்து போக முடியுமா?

மலர்_சிப்புட்:
வணக்கம். எனக்கு 21 வயது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள், இப்போது டவுனில் ஒரு கிளினிக்கில் பதிவு மேசையில் இருக்கிறேன். 2030 பிப்ரவரியில் பிரான்சின் ஆல்ப்ஸ் பகுதியில் நடக்கும் குளிர்கால ஒலிம்பிக்குக்குத் தொண்டூழியராகப் போக ரொம்ப ஆசை. பனிச்சறுக்கு தெரியாது. எனக்குத் தெரிந்த குளிர் கேமரன் மலைக் குளிர்தான். ஆங்கிலமும் மலாயும் நன்றாக வரும்.

அப்பா ஒரே கேள்விதான் கேட்கிறார்: "சம்பளமும் கிடையாது, டிக்கெட்டும் நாமே போட வேண்டும். அப்புறம் எதற்கு?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. யாராவது போய் வந்திருக்கிறீர்களா? பணம் எவ்வளவு சேர்க்க வேண்டும்? பெண் பிள்ளை தனியாகப் போகலாமா?

கமலா_அக்கா:
தங்கச்சி, நான் போனேன். 2018, தென் கொரியாவின் பியோங்சாங். நானும் சுங்கை சிப்புட்தான், அம்மா பால்மரம் சீவியவர்.

முதலில் பனிச்சறுக்குக் கவலையை விடு. மலைச் சரிவில் நிற்கிற வேலைக்குத்தான் அது தேவை. தொண்டூழியர்களில் பெரும்பாலோர் செய்வது டிக்கெட் பார்ப்பது, வழி காட்டுவது, சக்கர நாற்காலியில் வருபவரை இருக்கைவரை கொண்டு சேர்ப்பது, காணாமல் போன குழந்தையின் தாயைத் தேடிப் பிடிப்பது. கிளினிக்கில் கோபமாக வருகிறவரிடம் நிதானமாகப் பேசுகிறாய் அல்லவா, அதை விண்ணப்பத்தில் விரிவாக எழுது. என்னை எடுத்ததற்குக் காரணம் மொழிதான் என்று நினைக்கிறேன். ஈப்போவில் துணிக்கடையில் நின்று பழகிய மாண்டரின், சீனாவிலிருந்து வந்த பார்வையாளர்களிடம் நாள் முழுக்கப் பேச உதவியது. அடுத்த போட்டி 2022-இல் பெய்ஜிங்கில் என்பதால் அவர்கள் நிறைய வந்திருந்தார்கள்.

எனக்குக் கொடுத்த இடம் காங்நுங். மலைப் பக்கம் இல்லை, கடலோர நகரம். ஐஸ் ஹாக்கி, ஸ்கேட்டிங் எல்லாம் அங்கேதான். குளிர் குறைவு என்று நம்பிப் போகாதே, காற்று இருக்கிறது. பிப்ரவரி 14 அன்று அடித்த காற்றில் ஒலிம்பிக் பூங்காவின் கூடாரங்கள் பறந்தன, மக்களை உள்ளே போகச் சொல்லி அறிவித்தார்கள். இரண்டு கைகளாலும் ஒரு பாட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அவருக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவர் மொழி தெரியாது, வாசல்வரை என் விரலை விடவே இல்லை.

உடைக்குப் பெரிய செலவு செய்யாதே. மேல் சட்டை, கால்சட்டை, காலணி எல்லாம் சீருடையோடு வந்துவிடும். உள்ளே போடும் தெர்மல், கம்பளி சாக்ஸ் உன் பொறுப்பு. பழைய துணி விற்கும் பண்டல் கடையில் தேடினால் நல்ல கம்பளி கிடைக்கும். சாக்ஸில் மட்டும் மிச்சம் பிடிக்காதே. அரங்கத்துக்குள் இருப்பது சிரமமில்லை, இரவு வேலை முடிந்து பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம்தான் சோதனை. கைபேசி பேட்டரி குளிரில் சட்டென்று இறங்கிவிடும், சட்டைக்குள் வைத்துக்கொள்.

சாப்பாடு. மாட்டிறைச்சி சாப்பிட மாட்டாய் என்றால் ஒவ்வொரு சூப்பையும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். ஊறுகாயும் பருப்புப் பொடியும் கொண்டுபோனேன். என்னோடு தங்கியிருந்த கொரிய மாணவிகள்தான் பாதியைக் காலி செய்தார்கள்.

பணத்துக்கு வருகிறேன். எங்களுக்குத் தங்குமிடமும் சாப்பாடும் கொடுத்தார்கள், விமான டிக்கெட் என் செலவு. எல்லாப் போட்டியிலும் தங்குமிடம் கொடுப்பார்கள் என்று எண்ணாதே. போட்டிக்குப் போட்டி விதி மாறும். ஐரோப்பாவில் பிப்ரவரியில் அறை வாடகைதான் உன்னுடைய பெரிய செலவாகும். அறை இலவசம் என்று எழுத்தில் வரும்வரை, அறைக்கும் சேர்த்தே பணம் ஒதுக்கு. பெண் பிள்ளைக்குப் பாதுகாப்பும் அந்த அறையைப் பொறுத்ததுதான். எங்கள் அறையில் எல்லோரும் பெண்கள், இரவு வேலை முடிந்து கூட்டமாகத்தான் திரும்புவோம். மலேசியக் கடப்பிதழுக்கு ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் 90 நாள் வரை சுற்றிப் பார்க்க விசா வேண்டாம். ஆனால் தொண்டூழியத்துக்கு எந்த அனுமதி வேண்டும் என்பதை ஏற்பாட்டுக் குழுவிடமே கேட்டுக்கொள். விண்ணப்பம் ரொம்ப முன்பே திறக்கும், 2018 போட்டிக்கு நான் 2016-லேயே விண்ணப்பித்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிப்ரவரி 16, கொரியாவில் சந்திரப் புத்தாண்டு, நம் ஊரில் சீனப் பெருநாள். அன்று காலை ஆண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங். குளிர்கால ஒலிம்பிக்கில் மலேசியா கலந்துகொண்டது அதுவே முதல் முறை: ஸ்கேட்டிங்கில் ஜூலியன் யீ, பனிச்சறுக்கில் ஜெஃப்ரி வெப். எனக்கு நடைபாதையில் வேலை, அங்கிருந்து ஐஸ் தளம் கண்ணில் படாது. கதவுக்கு அந்தப் பக்கம் ஒலிபெருக்கியில் "மலேசியா" என்று கேட்டது, கண் கலங்கிவிட்டது. 24 பேர் அடுத்த சுற்றுக்குப் போனார்கள், ஜூலியன் 25-வது. கை தட்டக்கூட முடியாமல் ஒருவருக்குக் கழிப்பறை எங்கே என்று காட்டிக்கொண்டிருந்தேன். தொண்டூழியர் போட்டியைப் பார்க்கப் போகிறவர் இல்லை, அதை மனத்தில் வைத்துக்கொண்டு விண்ணப்பி.

அப்பாவிடம் இப்படிச் சொல்: கல்லுமலைக் கோயில் தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்கள் சர்க்கரையையும் எலுமிச்சையையும் சொந்தக் காசில்தானே வாங்குகிறார்கள். அவருக்கு உடனே புரியும்.

ஓய்வாசிரியர்_தாப்பா:
மகளே, அப்பாவின் கேள்வி நியாயமானது, அதைத் தள்ளாதே. நகையை அடகு வைத்தோ கடன் வாங்கியோ போக வேண்டாம். மாதாமாதம் தனிக் கணக்கில் போட்டு வா, 2029 நடுவில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்த்து முடிவெடு. அதற்கு முன் 2027 சீ விளையாட்டுப் போட்டி (தென்கிழக்காசிய நாடுகளின் போட்டி) நம் நாட்டிலேயே நடக்கிறது, அதில் சேர். நம் நாடு 2017-இல் அந்தப் போட்டியை நடத்தியபோதுதான் ஐஸ் ஹாக்கியும் ஸ்கேட்டிங்கும் முதல் முறையாகச் சேர்க்கப்பட்டன. ஜூலியன் யீ தங்கம் வென்றார். நாள் முழுக்க நிற்க உன் கால் ஒத்துழைக்கிறதா என்பது 2027-லேயே தெரிந்துவிடும்.

பஹாவ்_லாரி:
எனக்கு 58 ஆகிறது. லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். என்னை எடுப்பார்களா?

கமலா_அக்கா:
அண்ணே, 18 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதுதான் வழக்கமான விதி. காங்நுங்கில் என் பக்கத்து வாசலில் நின்றவர் பேரப்பிள்ளை எடுத்தவர். வண்டி ஓட்டுகிற தொண்டூழியரும் தேவைப்படுவார்கள். ஆனால் பனிச் சாலையில் ஓட்டிய அனுபவம் கேட்பார்கள். உங்களுக்கு வாசல் வேலைதான் நல்லது.

மலர்_சிப்புட்:
நன்றி அக்கா, நன்றி ஐயா. தண்ணீர்ப் பந்தல் விஷயத்தை அப்பாவிடம் சொன்னேன். "அங்கே என்னத்தை ஊற்றிக் கொடுப்பாய், சுடுதண்ணீரா?" என்று கேட்டார். அப்புறம் அவராகவே ஃபிரெஞ்சு எங்கே கற்றுத் தருகிறார்கள் என்று விசாரித்தார். ஈப்போவில் வகுப்பு இருந்தால் சொல்லுங்கள், சனிக்கிழமை மதியத்துக்கு மேல் எனக்கு வேலை இல்லை.