“அதிகமாக யோசிக்கிறேன்”: இந்தச் சொல்லை வைத்து மனநலப் பணி செய்ய முடியுமா?

வைகைக்கரை:
ஜிம்பாப்வேயில் மனம் துவண்டவர்கள் ‘மனச்சோர்வு’ என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஷோனா மொழியில் ‘குஃபுங்கிசிசா’ என்கிறார்கள். அளவுக்கு மீறி யோசித்தல் என்று பொருள். மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006இல் தலைநகர் ஹராரேயின் ம்பாரே பகுதியில், 14 பாட்டிமார்களைச் சேர்த்துக்கொண்டு, இந்தச் சொல்லை வைத்தே ஒரு பணியைத் தொடங்கினார். சுகாதார நிலைய வளாகத்தில் ஒரு மரப்பெஞ்சு. அதில் பாட்டி உட்கார்ந்து கேட்பார். முதலில் வைத்த பெயர் ‘மனநலப் பெஞ்சு’. அந்தப் பெயருக்கு ஒருவரும் வரமாட்டார்கள் என்று பாட்டிமார்கள் சொன்ன பிறகே அது ‘நட்புப் பெஞ்சு’ ஆனது. நம் ஊரிலும் நோயின் பெயரை முதலில் நீட்டக்கூடாது என்பது என் கட்சி.

மருதாணி:
நான் ஒப்பமாட்டேன். என் அம்மா இரண்டு வருடம் தூக்கமின்றித் தவித்தபோது வீட்டில் ஓயாமல் கேட்டது “அதிகமாக யோசிக்காதே” என்பதைத்தான். யோசிப்பது அவர் செய்த குற்றம் போல! “இது நோய், உங்கள் தவறு இல்லை” என்று மருத்துவர் சொன்ன அன்று அம்மா அழுதார். நிம்மதியில் அழுதார். அந்தப் பெயர் கிடைத்த பிறகுதான் மாத்திரையும் கிடைத்தது.

வைகைக்கரை:
அம்மா பட்ட பாடு புரிகிறது. ஆனால் அவருக்குக் கிடைத்தது அதட்டல். ‘குஃபுங்கிசிசா’ என்பது அவதிப்படுபவரே தம் வாயால் சொல்வது. அதற்குப் பாட்டி “யோசிக்காதே” என்பதில்லை. மனநிலையை அறிய 14 கேள்விகள் கேட்கிறார். அடுத்தது ‘குவுரா ப்ஃபுங்வா’, அதாவது மனத்தைத் திறப்பது. வாடகைப் பாக்கியா, கணவன் அடிக்கிறானா, எச்.ஐ.வி. பயமா, எல்லாவற்றையும் கொட்டலாம். அதில் ஒன்றை மட்டும் எடுத்து, வந்தவரே வழி காணும்வரை கூடவே இருக்கிறார்.

கோவைச் செவிலி:
இதற்கு ஆய்வும் உண்டு. 2016இல் வெளியானது, ஹராரேயில் 24 சுகாதார நிலையங்கள், 573 பேர். ஆறு மாதம் கழித்து மனச்சோர்வு அறிகுறி இருந்தவர்கள், பெஞ்சில் பேசியவர்களில் சுமார் 14 சதவீதம். வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் 50 சதவீதம். ஆனால் தற்கொலை எண்ணம் தீவிரமாக இருந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. மருதாணி சொல்வதை அதனால் தள்ளிவிட முடியாது. என் பணியிடத்தில் பெண்கள் தலைவலி, நெஞ்சுப் படபடப்பு என்றுதான் வருகிறார்கள். “மனசு சரியில்லை” என்று சொல்வதற்கே மூன்றாவது முறை வரவேண்டியிருக்கிறது.

மருதாணி:
அப்படியானால் அந்த மூன்றாவது முறைக்குள் யார் கவனிப்பது? பெஞ்சு போடுவது எளிது. பேச்சால் ஆகாது என்று கண்டு, அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போகத் தெரிந்தவர் அதில் உட்கார வேண்டும். அம்மாவிடம் “வெறும் யோசனைதான், சரியாகிவிடும்” என்று சொன்ன பக்கத்து வீட்டுப் பாட்டியும் அன்பானவர்தான்.