மறு: மறதிநோயாளர் இல்லத்தில் ‘சென்சார் மானிட்டரிங்’ – தமிழ்ச்சொல் தேவை

வில்லியனூரிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

குழுவினருக்கு வணக்கம். புதுச்சேரியில் முதியோர் இல்லம் ஒன்றின் ஒப்புதல் படிவத்தை வெள்ளிக்கிழமைக்குள் தமிழாக்கித் தரவேண்டும். மறதிநோய் உள்ளவர்கள் இரவில் எழுந்து தடுமாறி விழாமலும் வாயிலைத் தாண்டிப் போய்விடாமலும் இருக்க, படுக்கை விரிப்பின்கீழ் அழுத்தம் அறியும் பாயும், கதவில் காந்தமும், கதவுநிலையில் அக்காந்தம் விலகுவதை அறியும் சிறு பெட்டியும் பொருத்துகிறார்கள். ஆள் எழுந்தால் செவிலியர் அறையில் மணி ஒலிக்கும். எழுந்த நேரமும் பதிவாகும். கேமரா கிடையாது. இதற்கு ‘உணரிக் கண்காணிப்பு’ என்று எழுதியிருக்கிறேன். கையெழுத்திடும் பிள்ளைகளுக்கு இது விளங்குமா?

கடலூரிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

‘உணரி’ என்பது ‘மண்வெட்டி’ போல இகர விகுதி பெற்ற சொல்லாதலால் இலக்கணத்தில் குறையில்லை. ஆயினும் உணர்தல் மனத்தின் தொழில். பாய் அறிவது தொடுகையை மட்டுமே. ‘ஒன்றறி வதுவே உற்றறி வதுவே’ என்று தொல்காப்பிய மரபியல் புல்லுக்கும் மரத்துக்கும் கொடுத்த அந்த ஓரறிவே பாய்க்கும் உரியது என்பதால் ‘உற்றறி கருவி’ என்பதே பொருந்தும். ‘கண்காணிப்பு’ என்பதை நான் அறவே ஏற்கமாட்டேன். இலங்கை, மலாயாத் தோட்டங்களில் நம் மக்களை வேலை வாங்கிய கங்காணியின் நிழல் அச்சொல்லில் இருக்கிறது. பெற்ற தாயை அப்படியா காப்பது? ‘நலக்காப்பு’ என்று எழுதுங்கள். ‘மறதிநோய்’ என்பதற்கும் மறதியைக் குறிக்கும் ‘பொச்சாப்பு’ என்ற குறட்சொல் இருக்கவே இருக்கிறது.

மஞ்சக்குப்பத்திலிருந்து, செவிலியர்:

ஐயா, பொச்சாவாமை அதிகாரத்தின் முதற்குறளே ‘உவகை மகிழ்ச்சியிற் சோர்வு’ என்று களிப்பில் வரும் அசட்டையைத்தான் கடிகிறது. மூளையின் நரம்பணுக்கள் சிதைந்து பெற்ற மகளையே அடையாளம் தெரியாமல் இருப்பவரின் மேல் அந்தக் குற்றத்தை ஏற்ற என் மனம் ஒப்பவில்லை. சுவரில் பொருத்தும் கருவி உடல்வெப்பத்தைக் கொண்டு நடமாட்டத்தை அறிகிறது. அது எவரையும் தொடுவதில்லை. அதற்கு ‘உற்றறி’ எப்படிப் பொருந்தும்? எங்கள் வார்டில் உறவினர்கள் எல்லோரும் ‘சென்சார்’ என்றே சொல்கிறார்கள். ‘நலக்காப்பு’ என்றால் காப்பீடோ என்று கேட்பார்கள்.

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. அம்மா எத்தனை மணிக்கு எழுந்தார், எத்தனை முறை கழிப்பறைக்குப் போனார் என்பதையெல்லாம் கருவி குறித்துவைக்கிறது. அது நன்மைக்கே ஆனாலும் கண்காணிப்புத்தான். ஒப்புதல் கேட்கும் தாளில் அதை இனிய சொல்லால் மூடினால், எதற்குச் சம்மதிக்கிறோம் என்று அறியாமலே அவர்கள் கையெழுத்திடுவார்கள். ‘மருத்துவக் கண்காணிப்பில் இருக்கிறார்’ என்று நாள்தோறும் செய்தித்தாளில் படிப்பவர்களுக்குக் கங்காணி நினைவுக்கு வருவதில்லை.

வில்லியனூரிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

செவிலியர் அம்மா சொன்னதே எனக்கும் சரியென்று படுகிறது. குழுவில் மேலும் சிலர் தனிமடலில் அதையே வழிமொழிந்திருக்கிறார்கள். தலைப்பில் ‘சென்சார் வழிக் கண்காணிப்பு’ என்று இட்டு, எந்தக் கருவி எங்கே இருக்கும், எதைப் பதிவு செய்யும், பதிவை யார் பார்ப்பார்கள் என்பதை அடுத்த பத்தியில் முழு வாக்கியங்களாக எழுதுகிறேன். நோயாளருக்கே புரியும் நேரங்களும் உண்டாதலால் அவருக்குப் படித்துக்காட்டத் தனிப் பக்கமும் சேர்க்கிறேன். ‘உணரி’யை அருஞ்சொற்பட்டியலில் வைத்துக்கொள்ளலாம்.

கடலூரிலிருந்து, தமிழாசிரியர்:

படிவம் உங்கள் பொறுப்பு, அப்படியே அனுப்புங்கள். பொச்சாப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் சொல் மாற்றத்தை வீண்வேலை என்று எவரும் கருதவேண்டாம். இழிவுப்பொருள் தந்ததென்று இந்நோய்க்கு வழங்கிய பழைய பெயரை ஜப்பானிய அரசு 2004-இல் நீக்கிப் புதுப்பெயர் வைத்தது. ஆகவே ‘கண்காணிப்பு’ வேண்டாம் என்ற என் கருத்து குழுவின் பதிவில் இருக்கட்டும்.