பக்கத்து வீட்டு நோன்னாவின் தக்காளி

(கோபர்க், மெல்பர்ன்)

கோபர்க்கில் எங்கள் வலப்பக்க வீட்டில் தெற்கு இத்தாலியின் கலாப்ரியாவிலிருந்து வந்த ஒரு பாட்டி இருக்கிறார். இத்தாலிய மொழியில் பாட்டிக்கு 'நோன்னா'. நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். நாங்கள் குடிவந்த முதல் பிப்ரவரியில், ஒரு சனிக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு அவர் கொல்லையில் ஒரே சத்தம். வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தால் மூன்று தலைமுறை ஆட்களும் பெட்டி பெட்டியாகத் தக்காளியும். என்னைப் பார்த்ததும் கையசைத்துக் கூப்பிட்டு, ஏப்ரன் மாட்டி, கையில் கத்தியைக் கொடுத்துவிட்டார்.

ஒரு வருஷத்துக்கு வேண்டிய தக்காளிச் சாற்றை, பசாட்டாவை, ஒரே நாளில் போட்டுவிடுகிறார்கள். நீளவாக்கு ரோமா தக்காளிதான் வேண்டும். அதில் சதை அதிகம், தண்ணீர் குறைவு. கழுவி, காம்பை நறுக்கி, வேகவைத்து மெஷினில் விட்டால் ஒரு பக்கம் சாறு, மறுபக்கம் தோலும் விதையும். அந்தச் சக்கையை எறியப் போனேன், என் கையைப் பிடித்துவிட்டார். அதை இன்னொரு தடவை விட்டால்தான் கெட்டிச் சாறு இறங்குமாம். பழைய பியர் பாட்டில் ஒவ்வொன்றிலும் ஒரு பேசில் இலை (நம் திருநீற்றுப்பச்சிலைதான்), மேலே சோடா மூடி. பாட்டிலோடு பாட்டில் இடிக்காமல் பழைய துணி சுற்றி, இரும்பு டிரம்மில் அடுக்கி, தண்ணீர் ஊற்றி விறகு மூட்டினார்கள். மறுநாள் வரை யாரும் தொடக்கூடாது. சூட்டோடு எடுத்தால் பாட்டில் வெடித்துவிடும்.

தீ எரியும்போது சொன்னார். 1956இல் ஏழு வயதில் கப்பலில் வந்தாராம். பள்ளிக்கு மோர்ட்டடெல்லா (இத்தாலியப் பன்றி இறைச்சி சாசேஜ்) வைத்த ரொட்டி கொண்டுபோனால் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு 'வோக்' என்பார்களாம். தெற்கு ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களைத் திட்டும் சொல் அது. கழிப்பறையில் ஒளிந்து தின்றிருக்கிறார். ஆலிவ் எண்ணெய் அப்போது மருந்துக்கடையில், சின்னக் குப்பியில் கிடைத்தது. காது வலிக்கு விடுகிற சரக்கு! இதையெல்லாம் சொல்லும்போது அவர் சிரிக்கவே இல்லை. இன்று இந்த நாட்டில் ஸ்பாகெட்டி சமைக்காத வீட்டை நான் பார்த்ததில்லை. அந்த ஏழு வயசுப் பிள்ளையிடம் யாராவது மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டாமா?

உங்களுக்கும் இப்படி அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

(ஜீலாங்)

அக்கா, படிக்க வந்த புதுசுல ஒரு பப் கிச்சன்ல ரெண்டு வருஷம் வேலை பார்த்தேன். வியாழக்கிழமைன்னா 'பார்மா நைட்', நிக்க நேரம் இருக்காது. இத்தாலியில பார்மிஜானான்னா கத்தரிக்காயில செய்யறது. இங்க கோழி நெஞ்சுக்கறியைத் தட்டி, பிரெட் தூள்ல பிரட்டிப் பொரிச்சு, மேல தக்காளி சாஸ், ஹாம், சீஸ் போட்டு கிரில்லுக்குள்ள தள்ளுவோம். சிப்ஸை அடியில வச்சா நமத்துப் போகும்னு செஃப் கத்துவார், அது நியாயம்தான். எங்க விக்டோரியா மாநிலத்துல இது பார்மா, அடிலெய்டுல பார்மி. தினமும் வர்ற ஒரு பெரியவர் இதுதான் அசல் ஆஸ்திரேலியச் சாப்பாடுன்னு என்கிட்ட அடிச்சுச் சொல்வார். இத்தாலின்னு சொன்னா நம்பவே மாட்டார்.

இன்னொண்ணு. லண்டன்ல இருக்கற என் அண்ணி 'கோர்ஜெட்'னு சொல்ற, வெள்ளரி மாதிரி இருக்கற பச்சைக் காய்க்கு இங்க எல்லாரும் இத்தாலிப் பேரையே வச்சு 'ஜூக்கினி'ங்கறாங்க. பிரிட்டிஷ்காரங்க ஆண்ட ஊர்ல அவங்க பேரு நிக்கலை பாருங்க.

(டான்டெனோங்)

தங்கச்சி, நான் 86இல யாழ்ப்பாணத்தில இருந்து வந்தனான். வேலை சிற்றிக்குள்ள. பேர்க் வீதியில 1954இல திறந்த பெலெகிரினிஸ் எண்ட இத்தாலியன் கடையிலதான் முதன்முதலா எஸ்பிரெசோ கோப்பி குடிச்சன். வீட்டில தேத்தண்ணிதான், அந்தக் கசப்பு பிடிபட ஒரு மாசம் எடுத்தது. பிறகு விடேல்ல. பெரிய அமெரிக்கக் கோப்பிக் கொம்பனி ஸ்டார்பக்ஸே 2008இல இந்த நாட்டில 84 கடையில 61ஐ மூடினது. இத்தாலியன்கள் சனத்தின்ர நாக்கை அப்பிடிப் பழக்கிப்போட்டினம்.

பெலெகிரினிஸ் கடைக்காரர் சிஸ்டோ மலஸ்பினா கழுத்தில பட்டுத்துணி கட்டிக்கொண்டு நிப்பார். 1974இல கூட்டாளி நீனோ பங்ராசியோவோட சேர்ந்து கடையை வாங்கினவர். 2018 நவம்பர் 9இல, கடைக்குக் கிட்ட தெருவில ஒருத்தன் அவரைக் குத்திக் கொன்றுபோட்டான். பூட்டின கதவடியில சனம் வைச்ச பூ நடைபாதையை மூடிட்டுது. நானும் வைச்சனான். செயின்ற் பற்றிக்ஸ் தேவாலயத்தில அரச மரியாதையோட இறுதிச்சடங்கு நடந்தது. ஒரு கோப்பிக் கடைக்காரருக்கு, தங்கச்சி! கடை திரும்பத் திறந்த பிறகு போய், நான் வழமையா நிக்கிற இடத்திலயே நிண்டு குடிச்சன்.

(கோபர்க், மெல்பர்ன்)

அண்ணா, படித்ததும் நோன்னாவிடம் போய்ச் சொன்னேன். சிஸ்டோ பெயரைக் கேட்டதும் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். வருகிற பிப்ரவரிக்கு ரோமா பன்னிரண்டு பெட்டி சொல்லி வைத்திருக்கிறார். இந்த வருஷம் அவருக்கு முழங்கால் வலி, குனிய முடியவில்லை, ஆள் வேண்டும். ஜீலாங் தம்பியும் வரலாம். காலை ஐந்தரை. பழைய சட்டை போட்டு வாருங்கள், கறை போகாது.