உட்காரும்போது அமைதி, பங்காளிப் பேச்சில் கோபம்: இதை வளர்ச்சி என்று கொள்ளலாமா?

வளவுவாசி:

அனைவருக்கும் வணக்கம். 31 ஆண்டுகள் வெளிநாட்டில் கணக்கு வேலை பார்த்துவிட்டு, இரண்டு ஆண்டுகளுக்கு முன் கானாடுகாத்தானை ஒட்டிய எங்கள் ஊருக்கே திரும்பி, என் ஐயா கட்டிய வீட்டில் குடியிருக்கிறேன். வந்த நாளிலிருந்து காலை ஆறு மணிக்கு வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், பாய் விரித்து ஒரு மணி நேரம் தியானத்தில் உட்காருவதை விடாமல் செய்து வருகிறேன். முதல் ஆறு மாதம் மனம் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு மூச்சு தானாகவே மெலிந்து, எண்ணங்களுக்கு இடையே இடைவெளி விழத் தொடங்கியது. ஆறே முக்கால் மணிக்கு முகப்புக் கதவின் மேலுள்ள வண்ணக் கண்ணாடி வழியாக வெயில் இறங்கி, எதிர்ச் சுவரின் வெள்ளைப் பூச்சில் சிவப்பும் பச்சையுமாக விழும். அந்த நேரத்தில் பாதி மூடிய கண்ணுக்கு அது மட்டுமே தெரியும். வேறு எதுவும் வேண்டாம் என்றிருக்கும்.

என் சிக்கல் இதற்குப் பிறகுதான். இந்த வீட்டில் ஏழு புள்ளிகளுக்கு, அதாவது ஏழு குடும்பங்களுக்கு, பங்கு இருக்கிறது. வீட்டின் அடுத்த பகுதியான இரண்டாம் கட்டு ஒழுகுகிறது, செப்பனிடப் பணம் இல்லை, ஆகவே அதைப் பிரித்துத் தேக்குத் தூண்களையும் கதவு நிலைகளையும் விற்றுவிடலாம் என்பது சிலருடைய கருத்து. இதைப் பற்றித் தொலைபேசியில் பேச்சு எழுந்தாலே எனக்குக் குரல் உயர்கிறது, கை நடுங்குகிறது. சென்ற மாதம் என்னைவிட இளைய ஒருவரிடம் நான் பேசிய சொற்களை இங்கே எழுத மனம் ஒப்பவில்லை. அதன்பின் மூன்று நாட்கள் பாயை விரித்தும் உட்கார முடியாமல் எழுந்துவிட்டேன்.

சித்தத்தின் விருத்திகள், அதாவது மனத்தின் அலைவுகள், அடங்குவதே யோகம் என்று யோக சூத்திரத்தில் பதஞ்சலி தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். அப்படியானால் காலையில் எனக்குக் கிடைப்பது அதன் சாயலா, அல்லது ஆளில்லாத வீட்டில் யாருக்கும் கிடைக்கக்கூடிய வெறும் ஓய்வா? பயிற்சியோடு வைராக்கியமும், அதாவது பற்றின்மையும், வேண்டும் என்கிறார்கள். வைராக்கியம் என்றால் இந்த வீடு எக்கேடு கெட்டால் என்ன என்று விட்டுவிடுவதா? நம் பகுதியில் பட்டினத்தாரைப் பாடாத வீடு இல்லை. காதற்ற ஊசியும் உடன் வராது என்று தெரிந்தவர் அனைத்தையும் விட்டுப் புறப்பட்டார். எனக்கோ ஒரு தூணைக்கூட விட மனம் வரவில்லை. விடுதலை என்ற சொல்லை உச்சரிக்கவே கூச்சமாக இருக்கிறது. நூல் அறிந்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

நெல்லைவாசல்:

ஐயா, கோவிலூர் மடாலயத்தின் பாட மரபை ஒட்டி, கைவல்லிய நவநீதம் என்ற வேதாந்த நூலையும் யோக சூத்திரத்தையும் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டவன் என்ற அளவில் எழுதுகிறேன்.

தங்களுடைய காலை நேரம் வெறும் ஓய்வு அன்று. ஆனால் அது கோபத்தை அழித்துவிட்டதாகத் தாங்கள் எண்ணியிருந்தால், அந்த எண்ணம்தான் பிழை. யோக சூத்திரத்தின் இரண்டாம் பகுதியான சாதன பாதத்தின் 4-ஆம் சூத்திரம் கிலேசங்களுக்கு, அதாவது மனத்தை வருத்தும் மாசுகளுக்கு, நான்கு நிலைகளைச் சொல்கிறது: உறங்கிக் கிடப்பது, மெலிந்திருப்பது, இடையிடையே அறுபட்டிருப்பது, முழு வீச்சில் எழுந்து நிற்பது. அன்பு மேலோங்கியிருக்கும் நேரத்தில் ஒருவனிடம் கோபம் காணப்படுவதில்லை. அதனால் அவனுக்குக் கோபமே இல்லை என்று ஆகிவிடாது என்று அந்நூலின் பழைய உரையான வியாச பாஷ்யம் இதை விளக்குகிறது. காலை ஆறு மணிக்குத் தங்கள் கோபம் அறுபட்டுக் கிடக்கிறது, பங்காளியின் குரல் கேட்டதும் எழுந்து நிற்கிறது. இரண்டும் ஒரே கோபத்தின் இரண்டு வேளைகள். ஆகவே வளர்ச்சியை அளக்க வேண்டிய இடம் பாயும் அன்று, தொலைபேசியும் அன்று. கோபம் மெலிகிறதா என்பதை மட்டும் பார்க்க வேண்டும். தவம், தன்னைக் கற்றல், ஈசுவரனிடம் ஒப்படைத்தல் ஆகிய மூன்றும் சேர்ந்த கிரியா யோகத்துக்குப் பயன் சொல்லும்போது, சமாதியை வளர்ப்பதோடு கிலேசங்களை மெலியச் செய்வதையும் பதஞ்சலி உடன் வைத்தது இதனால்தான்.

மெலிவிக்கும் முறைக்கும் பாஷ்யத்தில் ஓர் உவமை உண்டு. துணியில் படிந்த பெரிய அழுக்கை முதலில் உதறுகிறோம். உள்ளே ஊறிய கறையை முயன்று, உபாயத்தால்தான் போக்குகிறோம். மிக நுண்ணிய மிச்சம், சித்தம் தன் மூலத்தில் ஒடுங்கும்போதே தீரும். கிலேசங்கள் வறுத்த வித்தைப் போல் ஆனபின், எதிரே பொருள் வந்து நின்றாலும் முளைப்பதில்லை. நாம் இன்னும் உதறும் வேலையில் இருக்கிறோம். அதற்காகக் கூச்சப்பட வேண்டியதில்லை.

உட்கார முடியாமல் போன அந்த மூன்று நாட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதற்பகுதியான சமாதி பாதத்தில் ஒன்பது இடையூறுகள் எண்ணப்படுகின்றன. நோயில் தொடங்கும் அந்த வரிசையில் கடைசியாக நிற்பது, எட்டிய நிலையில் நிலைக்க முடியாமை. எட்டாதவனுக்கு இந்த இடையூறு வராது. அதே பாதத்தின் 14-ஆம் சூத்திரம், நீண்ட காலம், இடைவிடாமல், மதிப்போடு செய்த பயிற்சியே உறுதியான நிலமாகும் என்கிறது. இரண்டு ஆண்டு நீண்ட காலமா என்பதைத் தங்கள் தொழில் அனுபவத்தை வைத்துத் தாங்களே முடிவு செய்யலாம். மதிப்போடு என்ற சொல்லைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கோபித்த மறுநாள் தன்மேல் வெறுப்போடு பாயில் உட்காருவது அந்த மதிப்பைக் குலைக்கும். குற்ற உணர்ச்சியும் ஒரு விருத்திதான்.

வைராக்கியம் பற்றிய தங்கள் ஐயத்துக்கு நேராக விடை சொல்வது எளிது. கண்டதும் கேட்டதுமான விஷயங்களில் வேட்கை தணிந்தவன் பெறும் வசப்பாடு என்றுதான் பதஞ்சலி அதை வரையறுக்கிறார். பொருளை விட்டு விலகு என்றோ வெறுத்து ஒதுக்கு என்றோ அங்கே இல்லை. வெறுப்பு எழுந்தால் அது துவேஷம், ஐந்து கிலேசங்களில் ஒன்று. இன்பத்தைப் பின்தொடர்ந்து செல்வது ராகம், துன்பத்தைப் பின்தொடர்ந்து செல்வது துவேஷம் என்று அவர் அடுத்தடுத்து வைத்திருப்பதைப் பாருங்கள். அந்த வீட்டில் தாங்கள் சிறுவயதில் அடைந்த ஏதோ ஓர் இன்பம் முன்னே போகிறது. அதன் பின்னே ராகம் போகிறது. அதற்குக் குறுக்கே வருகிறவர்மேல் கோபம் பாய்கிறது. அடுத்த முறை பேச்சு எழுமுன், அந்த இன்பம் எது என்று பெயர் சொல்லத் தெரிந்துகொள்ளுங்கள்.

வண்ணக் கண்ணாடியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததும் நான் சற்று நிறுத்திவிட்டேன். சுவர் சிவப்பாகத் தெரிகிறது, ஆனால் சுவர் சிவக்கவில்லை. விருத்தி அடங்கும்போது காண்பான், அதாவது உள்ளிருந்து அறிபவன், தன் இயல்பில் நிற்கிறான், மற்ற நேரங்களில் விருத்தியின் வடிவாகவே தோன்றுகிறான் என்று சமாதி பாதத்தின் 3, 4-ஆம் சூத்திரங்கள் சொல்வதை, தங்கள் வளவுச் சுவர் நாள்தோறும் காட்டிக்கொண்டிருக்கிறது. ‘நான் கோபமாக இருக்கிறேன்’ என்ற வாக்கியத்தில் எந்தச் சொல் வெளிச்சம், எந்தச் சொல் சுவர் என்று பிரித்தறிவதுதான் விவேகம். கைவல்லியம் என்ற சொல்லுக்குத் தனித்திருத்தல் என்று பொருள். காண்பானைக் காட்சியிலிருந்து பிரித்தறிந்த தனிமை அது. வீட்டை விட்டுப் போவதால் வருவதன்று.

தேவகோட்டை ஆச்சி:

தம்பி, நான் நூல் படித்தவள் இல்லை; விளக்கேற்றித் தேவாரம் சொல்லுவதோடு சரி. எங்கள் வீட்டுப் பாகப்பிரிவினையில் என் மாமியார் எனக்கென்று வைத்துவிட்டுப் போன வெள்ளிச் செம்பு ஒன்று வேறு பக்கம் போய்விட்டது. அதற்காக அந்த வீட்டாரோடு ஓராண்டு பேசாமல் இருந்தேன். பிறகும் அந்தப் பேச்சு வந்தால் பத்து நாள் சோறு இறங்காது. இப்போதும் நினைவு வருகிறது, நெஞ்சு சுருக்கென்கிறது. ஆனால் மாலை விளக்கு வைக்கும் நேரத்துக்குள் போய்விடுகிறது. நெல்லைவாசல் அவர்கள் மெலிவது என்று எழுதியதைப் படித்தபோது, எனக்கு நடந்ததற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். அந்த இளையவரிடம் முதலில் மன்னிப்புக் கேளுங்கள். தூணைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

சைவச்சிறுவன்:

ஆச்சி சொன்னதை வணங்கி ஏற்கிறேன். நெல்லைவாசல் அவர்கள் எழுதியதில் பெரும்பகுதியையும் ஏற்கிறேன். ஆயினும் கண்ணாடி உவமையின் முடிவில் அவரோடு மாறுபடுகிறேன், ஏனெனில் அங்கேதான் யோக தரிசனமும் சைவ சித்தாந்தமும் வழி பிரிகின்றன.

சுவர் சிவக்கவில்லை, ஆகவே காண்பான் எப்போதும் தூயவன், அதை அறிந்தால் போதும் என்பது பதஞ்சலி வழி. சித்தாந்தம் உயிரை அவ்வாறு தனியே நிறுத்துவதில்லை. உயிர் சார்ந்ததன் வண்ணமாவது. எதையாவது சார்ந்தே இருக்கும். மலத்தை, அதாவது உயிரை மறைக்கும் மாசை, சார்ந்தால் மலமாகவும், சிவத்தைச் சார்ந்தால் சிவமாகவும் நிற்கும் என்று நம் ஆசாரியர்கள் கொண்டார்கள். ஆகவே விடுதலை என்பது தனித்திருத்தல் அன்று. ஆணவமும் கன்மமும் மாயையும் ஆகிய மும்மலங்கள் விலக, இறைவனோடு இரண்டறக் கலந்து நிற்றல். தாள், தலை என்ற இரண்டு சொற்கள் சேர்ந்து ‘தாடலை’ என்று ஒரு சொல்லாகும்போது, இரண்டு என்றும் சொல்ல முடியாது, ஒன்று மற்றொன்றை விழுங்கிவிட்டது என்றும் சொல்ல முடியாது. உமாபதி சிவம் திருவருட்பயனில் முத்தியை விளக்க எடுத்த உவமை இது. தமிழ் இலக்கணத்திலிருந்தே இப்படி ஓர் உவமை பிறந்ததை எண்ணுந்தோறும் எனக்கு மகிழ்ச்சி பெருகுகிறது.

இதனால் நடைமுறையில் என்ன வேறுபாடு என்று தாங்கள் கேட்கலாம். விவேகத்தால் மட்டும் பற்றை அறுக்க முயல்கிறவருக்கு, அறுத்தபின் கை எதைப் பிடிப்பது என்ற வெறுமை வரும். பற்றற்றவனைப் பற்று என்று வள்ளுவர் சொன்ன வழி அதைவிட எளியது. சரியை (உடலால் செய்யும் தொண்டு), கிரியை (பூசை), யோகம், ஞானம் என்ற நான்கையும் தாயுமானவர் அரும்பு, மலர், காய், கனி என்றார். தாங்கள் காயிலிருந்து தொடங்கியிருக்கிறீர்களோ என்பது என் ஐயம். தவறாக எண்ண வேண்டாம். உட்காரும் ஒரு மணி நேரத்தோடு, ஊர்க் கோவிலில் கூட்டிப் பெருக்குவதோ பூத்தொடுப்பதோ சேர்ந்தால், ‘என்னுடையது’ என்ற எண்ணம் இன்றி ஒரு கட்டடத்தை நேசிக்கக் கை பழகும். ஒன்பது நகரக் கோவில்களைத் திருப்பணி செய்து காத்துவரும் நகரத்தார் மரபில் வந்தவர்களுக்கு இது புதிதன்று.

இரண்டாம் கட்டு விவகாரத்துக்கு ‘இருவினையொப்பு’ என்ற சொல்லைத் தருகிறேன். நல்வினைப் பயனையும் தீவினைப் பயனையும் விருப்பு வெறுப்பின்றி ஒன்றாகக் கொள்ளும் நிலை அது. வாய்மூடி இருக்க வேண்டும் என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. விற்க வேண்டாம் என்பது தங்கள் கருத்தானால் அதைத் தெளிவாகச் சொல்லுங்கள், செலவுக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். பிறகு எது முடிவானாலும் அது தங்களுக்கு ஒன்றாகட்டும்.

பட்டினத்தாரைக் குறிப்பிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அனைத்தையும் விட்ட அவரே தாயின் ஈமக்கடனுக்காகத் திரும்பி வந்தார். பச்சை வாழைமட்டையை அடுக்கிப் பாடிச் சிதை மூட்டினார் என்பது மரபு. அந்தப் பாடல்களைக் கண் கலங்காமல் படித்து முடித்தவரை நான் பார்த்ததில்லை. துறவு நெஞ்சை வறளச் செய்யும் என்றால் அவை பிறந்திருக்க வழியே இல்லை.

நெல்லைவாசல்:

முடிந்த முடிபில் நாம் வேறுபடுகிறோம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பெரியவர்கள் பல நூற்றாண்டுகள் வாதிட்டது இந்த இழையில் தீராது. ஆனால் ஈசுவரனிடம் ஒப்படைத்தலைப் பதஞ்சலியும் ஒரு வழியாகவே வைத்திருக்கிறார் என்பதால், பூத்தொடுப்பதற்கு என் பக்கமிருந்தும் தடை இல்லை.

வளவுவாசி:

மூவருக்கும் நன்றி. பதினெட்டு நாட்கள் கழித்து எழுதுகிறேன்.

ஆச்சி சொன்னதை முதலில் செய்தேன். அந்த இளையவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, ஒழுகும் ஓட்டுக்கு அடியில் ஐயாவின் படம் நனைவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் பிரித்துவிடலாம் என்று சொன்னதாகச் சொன்னார். இரண்டு ஆண்டுகளாக இதை நான் அவரிடம் கேட்டதே இல்லை.

எந்த இன்பம் என்று பெயர் சொல்லச் சொன்னீர்கள். மூன்று காலைகள் அதையே பார்த்தேன். இரண்டாம் கட்டில் வலப்பக்கம் மூன்றாவது தூண். ஐயா அதில் சாய்ந்துகொண்டு எனக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பார். அவர் தலை பட்டுப் பட்டு அந்த இடத்தில் மட்டும் தேக்கு கறுத்து வழவழப்பாக இருக்கும். வீடு என்று நான் இதுவரை சண்டையிட்டதெல்லாம் அந்த ஒரு சாண் மரத்துக்காகத்தான். தெரிந்த பிறகும் பற்று போகவில்லை. ஆனால் அதன் அளவு தெரிந்துவிட்டது.

நேற்று மறுபடியும் ஏழு புள்ளிகளும் பேசினோம். ஓடு மாற்றும் செலவைக் கணக்கிட்டு அனுப்பியிருந்தேன். இரண்டு பேர் ஏற்றார்கள், மற்றவர்கள் முடிவு சொல்லவில்லை. இடையில் ஒருமுறை குரல் உயர்ந்தது. உயர்கிறது என்று தெரிந்தது, தண்ணீர் குடித்துவிட்டு வந்து பேசினேன். இன்று காலை உட்கார்ந்தபோது அந்தப் பேச்சே அரை மணி நேரம் ஓடியது. வெயில் வந்து, சிவப்பு சுவரிலிருந்து இறங்கித் தரைக்கல்லுக்கு வரும் வரை எழுந்திருக்கவில்லை.

கோவிலில் வெள்ளிக்கிழமை பூத்தொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். முன்னோர்களுக்குப் படையலிடும் படைப்புக்கு எல்லாரும் ஊருக்கு வருகிறார்கள். ஓட்டைப் பற்றி அப்போதுதான் முடிவாகும். அதன்பின் எழுதுகிறேன்.