ஹேண்டலை பிரிட்டிஷ் பட்டியலில் போடலாமா? (ஏற்காடு டிசம்பர் நிகழ்ச்சி)

அஸ்தம்பட்டி ஆல்டோ

டிசம்பர் மூன்றாம் வாரம் ஏற்காட்டில் ஒரு மாலை நிகழ்ச்சி. ‘பிரிட்டிஷ் இசையமைப்பாளர்கள்’ என்று நோட்டீஸ் அடிப்பதாக இருக்கிறோம். கொயரில் 18 பேர்: மேல் குரலிலிருந்து அடிக்குரல் வரை சோப்ரானோ 7, ஆல்டோ 5, டெனர் 2, பாஸ் 4. ஒரு கீபோர்டு, ஒரு ஃப்ளூட். நேரம் 40 நிமிடம்.

தகராறு ஒரே பெயரில்தான். ஹேண்டல் ஜெர்மன்காரர், அவருக்கு இங்கே என்ன வேலை என்று பாதிப் பேர். அவருடைய முடிசூட்டுப் பாட்டு ‘ஜாடாக் த ப்ரீஸ்ட்’ இல்லாமல் இது என்ன பிரிட்டிஷ் நிகழ்ச்சி என்று மீதிப் பேர். ஒருவர் எந்த நாட்டு இசையமைப்பாளர் என்பதை எதை வைத்துச் சொல்வது? உங்களுக்குப் பிடித்தவர் யார், இந்தக் குழுவுக்குத் தோதான பாட்டு எது என்பதையும் சொல்லுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை வயலின்

சட்டப்படி பார்த்தா சண்டைக்கே இடமில்லைங்க. ஹேண்டல் 1685-ல் ஹாலே நகரத்தில் பிறந்தவர். 1712-லிருந்து லண்டன்வாசி. 1727 பிப்ரவரியில் அவருக்காக நாடாளுமன்றத்தில் சட்டமே போட்டுக் குடியுரிமை கொடுத்தாங்க. அதே வருஷம் அக்டோபரில் இரண்டாம் ஜார்ஜ் முடிசூட்டுக்கு ஜாடாக். அதிலிருந்து 2023 வரை ஒரு முடிசூட்டு விழாவிலும் அது விட்டுப்போகலை. கடைசியில் அடக்கமானது வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில். இவ்வளவுக்குப் பிறகும் வெளியூர்க்காரர்னா, சேலத்தில் பாதிப் பேர் வெளியூர்க்காரங்கதான்.

ஆனா காகிதம் சொல்றது ஒண்ணு, காதுக்குக் கேட்கிறது வேற. அவர் தொழில் கத்துக்கிட்டது ஹாம்பர்க்கிலும் இத்தாலியிலும். 1711-ல் லண்டனைக் கவர்ந்த ‘ரினால்டோ’ முழுக்க இத்தாலிய ஓபரா. அவருக்கு முந்தின இங்கிலீஷ் இசையமைப்பாளர் பர்ஸல் விட்டுட்டுப் போன ஆந்தம் (சர்ச் கொயர் பாட்டு) மரபு அவருடைய கொயர் எழுத்தில்தான் கேட்குது.

இதுக்கு நேர் எதிர் டீலியஸ். பிறந்தது பிராட்ஃபோர்டில், 1862. அப்பா அம்மா ஜெர்மன்காரங்க, படிப்பு லைப்ஸிக்கில், வாழ்க்கையில் பெரும்பகுதி பாரிஸுக்குத் தெற்கே க்ரே கிராமத்தில். வசந்தத்தின் முதல் குயிலோசையைக் கேட்டு எழுதினதா பேர் வெச்சிருக்கும் அந்தச் சின்ன ஆர்கெஸ்ட்ரா துண்டை ‘அசல் இங்கிலீஷ் நாட்டுப்புறம்’னு கொண்டாடுவாங்க. அதில் வர்ற நாட்டுப்பாட்டு நார்வேயோடது, முதலில் வாசிச்சது 1913-ல் லைப்ஸிக்கில்! எல்கரோ நாட்டுப்பாட்டுப் பக்கமே போகலை. அவர் நடை பிராம்ஸ், வாக்னர் வழி வந்தது. ஆனாலும் இங்கிலீஷ்காரர்னா முதலில் நினைவுக்கு வர்றது அவர்தான்.

பிறப்பு, குடியுரிமை, படிப்பு, மெட்டு நாலையும் தனித்தனியா கேளுங்க. நாலுக்கும் ஒரே ஊர் பதிலா வர்றவங்க கையளவுகூடத் தேற மாட்டாங்க. என் கட்சி எல்கர், அதிலும் 1919 செல்லோ கான்செர்ட்டோ.

நாகலூர் மூடுபனி

வயலின் சொன்ன நாலில் ‘மெட்டு’ என்பதோடு எனக்குக் கொஞ்சம் தகராறு உண்டு. பிரிட்டிஷ் தேசிய கீதமான ‘காட் சேவ் த கிங்’ மெட்டு 1740-களில் லண்டனில் அச்சானது. பிரஷ்யா அதற்குத் தன் வார்த்தைகளைப் போட்டுக்கொண்டது, சுவிட்சர்லாந்து 1961 வரை பாடியது, லீக்டென்ஸ்டைன் இன்னும் பாடுகிறது. முத்துசுவாமி தீட்சிதர் அதே மெட்டுக்கு ‘சந்ததம் பாஹிமாம்’ என்று சமஸ்கிருத சாஹித்யம் எழுதினார். இப்படி மேற்கத்திய மெட்டில் அவர் எழுதிய நோட்டுஸ்வரத்தைப் பிரிட்டிஷ் பாட்டு என்று யாராவது சொல்கிறார்களா?

எனக்குப் பிடித்தது வான் வில்லியம்ஸின் தாலிஸ் ஃபேன்டசியா (1910). 1567-இல் பேராயர் பார்க்கரின் பைபிள் சங்கீதப் புத்தகத்துக்கு இங்கிலீஷ் இசையமைப்பாளர் தாலிஸ் எழுதிய மெட்டு அது. 1906-இல் வந்த இங்கிலீஷ் ஹிம்னல் என்ற சர்ச் பாட்டுப் புத்தகத்துக்கு இசைப் பதிப்பாசிரியராக இருந்தபோது வான் வில்லியம்ஸ் அதை எடுத்துக் கையாண்டார். ஃப்ரிஜியன் மோட், அதாவது நம் தோடியின் அதே ஏழு ஸ்வரங்கள். ஆனால் கேட்டால் தோடி நினைவே வராது. நம் காந்தாரம் ஆடும், அவருடைய காந்தாரம் நட்ட கல்லாக நிற்கும். அந்த மெட்டை ஒரு பெரிய தந்திக் குழு, தள்ளி உட்காரும் ஒன்பது பேர் குழு, ஒரு நால்வர் என்று பிரித்துக் கொடுக்கிறார். தூரத்திலிருந்து எதிரொலி வருவது போல இருக்கும். நாடு தெரிவது ஸ்வரப் பட்டியலில் இல்லை, ஸ்வரத்தைப் பிடிக்கிற விதத்தில். இதை எழுதுவதற்கு இரண்டு வருடம் முன்புதான் பாரிஸில் ராவெலிடம் மூன்று மாதம் படித்துவிட்டு வந்தார் என்பதையும் மறக்கக் கூடாது.

ஒரு உபரித் தகவல்: மான்செஸ்டரில் பிறந்த ஜான் ஃபோல்ட்ஸ் 1935-இல் இந்தியா வந்து, டில்லி வானொலியில் வேலை பார்த்து, 1939-இல் கல்கத்தாவில் இறந்தார். ஹார்மோனியம் இந்திய இசையைக் கெடுக்கிறது என்று எழுதியவர் இவர். 1940-இல் வானொலி ஹார்மோனியத்தைத் தடை செய்தது.

சூரமங்கலம் ஆர்கன்

தத்துவம் போதும், பாட்டுக்கு வருவோம்.

ஜாடாக் வேண்டாம். நாடு காரணமில்லை, ஆள் கணக்குதான் காரணம். அது ஏழு குரல்: சோப்ரானோ, ஆல்டோ, பாஸ் மூன்றும் இரண்டிரண்டாகப் பிரியும். உங்கள் ஐந்து ஆல்டோ 3, 2 என்று உடையும், இரண்டு டெனர் காணாமல் போவார்கள். கொயர் நுழைவதற்கு முன் 22 பார் (தாள அளவு) ஆர்கெஸ்ட்ரா மட்டும் மெல்ல ஏறிக்கொண்டே வரவேண்டும். கீபோர்டின் ‘ஸ்ட்ரிங்ஸ்’ ஒலியில் அந்த ஏற்றம் வராது. ட்ரம்பெட், டிம்பனி முரசு இல்லாமல் நுழைவு சப்பென்று விழும்.

ஹேண்டல் வேண்டுமென்றால் அவருடைய பெரிய கொயர் படைப்பு ‘மெசையா’விலிருந்து ‘அண்ட் த குளோரி’ எடுங்கள். நான்கே குரல், முதலில் நுழைவதே ஆல்டோ. ஒரு பாஸை டெனருக்கு மாற்றி மூன்று, மூன்று ஆக்குங்கள். தவறு வரும் இடம் இரண்டு. ஒன்று, வரி முடிவுகளில் 3+3 எண்ணிக்கை 2+2+2 ஆக மாறும். கையில் தாளம் போட்டுப் பழகாவிட்டால் பாஸ் ஒரு எண்ணிக்கை முந்தும். மற்றது, கடைசி அடாஜியோவுக்கு (மெதுவான பகுதிக்கு) முன் வரும் மௌனம். அதில் யாராவது ஒருவர் தனியாகப் பாய்வார். அந்த இடத்தில் எல்லாரும் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டுக்கொள்ளட்டும்.

ஹோல்ஸ்டின் ‘இன் த ப்ளீக் மிட்விண்டர்’ கரோல் எளிது. சரணத்துக்குச் சரணம் அசை எண்ணிக்கை மாறும், அதனால் எந்த அசை எந்த ஸ்வரத்துக்கு என்று முதல் ஒத்திகையிலேயே குறித்துவிடுங்கள். கடையில் கேட்டால் அதே வரிகளுக்கு ஹெரால்ட் டார்க் போட்ட மெட்டைக் கொடுத்துவிடுவார்கள். டார்க் இறந்தது 1976-இல், இங்கே காப்புரிமை இறந்த பிறகு 60 வருடம், ஆகவே நகல் எடுக்கக் கூடாது. ஹோல்ஸ்ட், எல்கர், டீலியஸ் மூவரும் 1934-இல் போனவர்கள், தொல்லை இல்லை. வான் வில்லியம்ஸுக்கு இந்தியாவில் 2018-உடன் முடிந்தது. புதிதாக யாராவது செய்த அரேஞ்ச்மென்ட்டுக்குத் தனி உரிமை உண்டு, கவனம்.

ஃப்ளூட்டுக்கு: குழலுக்குள் காற்று ஒரு டிகிரி குளிர்ந்தால் சுருதி சுமார் 3 சென்ட் இறங்கும் (சென்ட் என்பது அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு). சேலத்தில் 30 டிகிரியில் சேர்த்த குழலை ஏற்காட்டில் இரவு 16 டிகிரியில் எடுத்தால் 40 சென்ட் வரை குறையும். கீபோர்டு நகராது. மேடையேறுமுன் பத்து நிமிடம் மெதுவாக ஊதிச் சூடாக்கி, தலைப் பகுதியை முழுக்க உள்ளே தள்ளச் சொல்லுங்கள். அப்படியும் எட்டாவிட்டால் கீபோர்டை 438 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். ‘டியூனிங்’ பொத்தான், ‘ட்ரான்ஸ்போஸ்’ இல்லை. ட்ரான்ஸ்போஸ் ஒரே அடியில் அரை ஸ்வரம் இறக்கிவிடும்.

அஸ்தம்பட்டி ஆல்டோ

நன்றி. நோட்டீஸில் ‘பிரிட்டனில் வாழ்ந்தவர்கள், பிறந்தவர்கள்’ என்று மாற்றி, ஒவ்வொருவர் பெயருக்குக் கீழும் பிறந்த ஊரைப் போடுகிறோம். இன்னொரு சந்தேகம். பழைய பாட்டுப் புத்தகம் ஒன்றில் இந்தக் கரோல் ‘ஜி. வான் (von) ஹோல்ஸ்ட்’ பெயரில் இருக்கிறது. இது வேறு ஜெர்மன்காரரா?

செவ்வாய்ப்பேட்டை வயலின்

அவரேதான். பிறந்தது செல்ட்டன்ஹாம், 1874. ரிகாவிலிருந்து வந்த குடும்பம். முதல் உலகப்போர் சமயத்தில் ‘வான்’ ஒட்டினது தொல்லையாகி 1918-ல் எடுத்துட்டார். நோட்டீஸில் ‘குஸ்தாவ் ஹோல்ஸ்ட், செல்ட்டன்ஹாம்’னு அடிங்க. வரிகள் கிறிஸ்டினா ராஸெட்டியோடது. ப்ரூஃப் பார்க்கும்போது அந்தப் பேர் விட்டுப்போகாம பார்த்துக்குங்க.