சிஇ பொறித்த கலன்களை நிராகரித்துவிட்டார்கள், எங்கே தவறு?

துவாஸ்வாசி:
வணக்கம். சிங்கப்பூர் துவாஸில் ஒரு சிறிய பட்டறையில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறேன். ஜெர்மனிக்காக இரண்டு அழுத்தக் கலன்கள் செய்தோம். இரண்டும் 316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், உள்ளே நைட்ரஜன். பெரியது 500 லிட்டர், 11 பார். ஆஸ்மி யூ ஸ்டாம்ப் (அமெரிக்க அழுத்தக் கலன் விதிப்படி செய்ததற்கான முத்திரை) உண்டு. சிறியது 4 லிட்டர், 10 பார். இரண்டின் பெயர்த் தகட்டிலும் சிஇ (ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டது என்ற குறி) பொறித்தோம். பெயர்த் தகட்டின் படத்தைப் பார்த்ததுமே வாங்குபவர் வேண்டாம் என்றுவிட்டார். பெரியதில் நான்கிலக்க எண் இல்லையாம். சிறியதில் சிஇயே இருக்கக் கூடாதாம்! பெட்டி வாசலிலேயே கிடக்கிறது.

பழைய_பாய்லர்:
தம்பி, அவர் சொல்வது சரிதான். அழுத்தத்தைக் கொள்ளளவால் பெருக்குங்கள். சிறியது 40 பார்-லிட்டர். நைட்ரஜன் போன்ற இரண்டாம் குழு (அபாயம் குறைந்த) வாயுவுக்கு 50ஐத் தாண்டாத கலன், அழுத்தக் கருவிகளுக்கான ஐரோப்பிய 2014/68 ஆணையின்படி நல்ல பொறியியல் நடைமுறையில் செய்தால் போதும். அதில் சிஇ பொறிப்பதே விதிமீறல். தயாரிப்பாளர் அடையாளமும் பயன்பாட்டுக் குறிப்பும் போதும்.
பெரியது 5,500. 3,000ஐத் தாண்டியதால் நான்காம் வகை, அதாவது ஆபத்து மிகுந்த வகை. நோட்டிஃபைட் பாடி (ஐரோப்பிய ஒன்றியம் ஏற்ற சோதனை அமைப்பு) சோதித்து, அதன் எண் சிஇக்குப் பக்கத்தில் வர வேண்டும்.

ஜூரோங்_குழாய்:
நைட்ரஜன்தானே? எளிய கலன்களுக்கான ஐரோப்பிய 2014/29 ஆணையில் சேர்த்துவிடலாமே. 30 பார், 10,000 பார்-லிட்டர் வரை இடமிருக்கிறது.

பழைய_பாய்லர்:
உலோகத்தை மறந்துவிட்டீர்கள். அது கலப்பில்லாத எஃகுக்கும், கலப்பில்லாத அலுமினியத்துக்கும், நாட்பட இறுகாத அலுமினியக் கலவைக்கும்தான். ஸ்டெயின்லெஸ் அதற்குள் வராது.

துவாஸ்வாசி:
யூ ஸ்டாம்ப் கைகொடுக்காதா அண்ணா? மனிதவள அமைச்சு அங்கீகரித்த ஆய்வாளரை அழைத்தால்? முதலாளி வேறு, இணையத்தில் ஏதாவது ஒரு எண்ணைத் தேடிப் பொறித்துவிடலாமா என்கிறார்.

பழைய_பாய்லர்:
அந்த எண்ணுக்கு உரியவர் யார் என்பதை எவரும் பட்டியலில் பார்த்துவிடலாம். முதலாளியிடம் அதை மட்டும் சொல்லுங்கள்.
நம் ஆய்வாளரின் கையெழுத்து இங்கே ஓடும் கலனுக்கானது. யூ ஸ்டாம்பின் கணக்கும் ஆவணங்களும் உதவும், ஆனால் சிஇக்கு ஈடாகாது. ஒற்றைக் கலன் என்றால் ஜி முறையை (ஒவ்வொரு கலனையும் தனியாகச் சோதிப்பது) கேளுங்கள். உண்மையான தலைவலி, கலன் ஏற்கெனவே முடிந்துவிட்டது என்பதுதான். வெல்டிங் முறைக்கும் வெல்டருக்கும் ஒப்புதல் கேட்பார்கள். எக்ஸ்ரே பார்த்தவருக்கும் தகுதிச் சான்று வேண்டும். கலன் செய்த எஃகு எஸ்ஏ-240 (ஆஸ்மி தரம்) தகடு என்றால் தனிப் பொருள் மதிப்பீடும் உண்டு. நான்காம் வகையில் அதை நோட்டிஃபைட் பாடியே செய்யும். அந்த எஃகுத் தகட்டின் 3.1 சான்றிதழ் (ஆலை தரும் சோதனைச் சான்று) இருக்கிறதா?

துவாஸ்வாசி:
3.1 இருக்கிறது. வெல்டரின் சான்று ஆஸ்மிப்படிதான். சிறியதன் பெயர்த் தகட்டை இன்று மதியமே கழற்றிவிட்டேன். பெரியதற்கு விலை கேட்டு மூன்று இடங்களுக்கு எழுதியிருக்கிறேன். ஒருவர் மட்டும் பதில் போட்டார், முதல் கேள்வியே வெல்டரைப் பற்றித்தான்.